ஜெபக்குறிப்புல வந்துட்ட என் தம்பி: சபை கவுன்சிலிங்கா, பாகாயமா?

கஸ்பா_பொண்ணு | செவ்வாய், இரவு 10.42

ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன். எழுதறது இதான் முதல் தடவை.

தம்பிக்கு 24 வயசு. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில வேலை. தீபாவளி போனஸ் வாங்கினதோட சரி, அப்புறம் போகல. முதல்ல முதுகு வலின்னான். அப்புறம் தூக்கம் போச்சு. ராத்திரி மூணு மணிக்கு மாடிப்படியில உட்கார்ந்திருப்பான், கேட்டா "காத்து வருதுக்கா"ம்பான். ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு முதல் ஆளா தட்டு எடுக்கிறவன், இப்ப ரெண்டு வாய் தின்னுட்டு கை கழுவிடறான். எங்க சபையில கீபோர்டு வாசிக்கிறது அவன்தான். மூணு மாசமா அது உறை போட்டபடியே கிடக்கு.

எங்க ஆயரம்மாகிட்ட தனியா போய் சொன்னேன். "யாருக்கும் தெரிய வேணாம் ஆன்ட்டி"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுது ஜெபம் பண்ணாங்க. அந்த அழுகை பொய்யில்ல, அதை இப்பவும் சொல்றேன். ஆனா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல குறிப்பு வாசிக்கும்போது, "சோர்வின் ஆவியோடு போராடுகிற நம்முடைய கீபோர்டு தம்பிக்காக" அப்படின்னு மைக்குல வந்துச்சு. ஒரு சபையில எத்தனை கீபோர்டு தம்பி இருப்பாங்க?

ஞாயிறு மத்தியானம் மூணு பேர் வீட்டுக்கு வந்துட்டாங்க. ஒருத்தர் "மறைவான பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடு தம்பி"ன்னார். இன்னொருத்தர் கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னார். மூணாவது அம்மா ஒண்ணும் சொல்லல, அவனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதான் அவனுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சாம்.

இப்ப வேற ஒரு பெரிய சபையில கவுன்சிலிங் இருக்குன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பா நேரா பாகாயம் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கறார். அந்தப் பேரைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கிட்டு அழறாங்க. எது சரி? நேத்து ராத்திரி அவன் "தூங்கினா எழுந்திருக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்க்கா"ன்னான். அதான் எழுதிட்டேன்.

---

பழைய_சிஸ்டர் | செவ்வாய், இரவு 11.05

மகளே, மத்ததெல்லாம் அப்புறம். அந்தக் கடைசி வரியை முதல்ல பார்ப்போம்.

இப்பவே அவன்கிட்ட நேரா கேளு: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" இப்படிக் கேட்டா இல்லாத நினைப்பு வந்துடும்னு பயப்படாதே, வராது. முப்பது வருஷ நர்ஸ் வேலையில நான் பார்த்த வரைக்கும், கேட்ட உடனே அழுது இறக்கி வெச்சவங்கதான் அதிகம். யோசிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதே, கேஷுவால்டிக்குக் கூட்டிட்டுப் போயிடு. வீட்டுல எலி மருந்து, பூச்சி மருந்து, அம்மாவோட சுகர் மாத்திரை எல்லாத்தையும் பூட்டி சாவியை உன் இடுப்புல வெச்சுக்கோ. தனியா விடாதே. 14416க்குப் போன் பண்ணு, டெலி மானஸ்னு பேரு. ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

போலீஸ் கேஸ் ஆகிடும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதே. 2017 மனநலச் சட்டம் 2018 மே மாசத்துல அமலுக்கு வந்துச்சு. முயற்சி பண்ணவங்களைக்கூட கடுமையான மன உளைச்சல்ல இருந்தவங்கன்னுதான் அது பார்க்குது. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய 309ம் 2024 ஜூலையோட போயிடுச்சு.

கேட்டுட்டு என்ன சொன்னான்னு எழுது. நான் முழிச்சுத்தான் இருக்கேன்.

---

கஸ்பா_பொண்ணு | புதன், நள்ளிரவு 12.20

கேட்டேன். "நெனப்பு வருது, ஆனா எப்படின்னு எல்லாம் யோசிக்கல, அம்மா இருக்காங்களே"ன்னான். ரொம்ப நேரம் அழுதான். நானும்தான். இப்ப என் பக்கத்துல பாய் போட்டுப் படுத்திருக்கான். எல்லாத்தையும் பூட்டிட்டேன்.

---

பழைய_சிஸ்டர் | புதன், நள்ளிரவு 12.24

சரி. நீயும் கொஞ்சம் கண்ணை மூடு. ஆனா டாக்டரைப் பார்க்கிறதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதே.

---

மட்டுறுத்துநர் | புதன், காலை 7.10

எல்லாரும் கவனிக்க: எந்தச் சபை, எந்த ஆயர் என்று யாரும் ஊகம் செய்து எழுத வேண்டாம். இரண்டு பதிவை ஏற்கெனவே நீக்கிவிட்டேன். ஜெபக்குறிப்பு பற்றிய இழையிலேயே இன்னொரு ஜெபக்குறிப்பு போட்டால் எப்படி?

---

குடியாத்தம்_தறி | புதன், காலை 8.31

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நீங்க பட்ட வேதனை புரியுது. ஆனா ஒருத்தர் செஞ்ச தப்புக்காக சபையையே விட்டுட வேணாம்.

எங்க அப்பா பெரிய குடி. தறி ஓட்டின காசு வீடு வந்து சேராது. எங்க பாஸ்டர் வந்து பிரசங்கம் பண்ணல. சாயங்காலம் ஆறு மணிக்கு, அப்பா கடைப் பக்கம் கிளம்புற நேரம் பார்த்து, சபையில இருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்துடுவாங்க. டீ குடிப்பாங்க, தறி பத்திப் பேசுவாங்க, பத்து மணிக்குக் கடை மூடினப்புறம்தான் எழுந்து போவாங்க. மூணு மாசம் ஒரு நாள் விடல. இன்னைக்கு அப்பா குடிக்காம 11 வருஷம். எந்த டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்காருவார்? ஜெபத்துக்கு வல்லமை இருக்கு, நான் கண்ணால பார்த்தவன்.

---

பாலாறு_மணல் | புதன், காலை 9.02

> எந்த டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்காருவார்?

உங்க பாஸ்டர் நல்லவர், அவருக்கு ஒரு கும்பிடு. எங்க கதையைக் கேளுங்க. எங்க அப்பா இறந்து ஐஸ் பெட்டியில இருக்கார், கமிட்டிக்காரர் நோட்டைப் பிரிச்சு "ரெண்டு வருஷம் சந்தா பாக்கி இருக்கே"ன்னார். கட்டினப்புறம்தான் கல்லறைச் சாவி வந்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் அப்பா படுத்த படுக்கை. பாக்கி இருக்கறவன் ஏன் வரலன்னு எட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோணல. நோட்டுல மட்டும் கரெக்டா எழுதி இருந்துச்சு.

பராமரிப்பு, அரவணைப்புன்னு வாய் கிழியப் பேசறாங்க. யோபு புஸ்தகத்துல ஒரு வார்த்தை இருக்கு, "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்". ஆறுதல் சொல்ல வந்து அலட்டறவங்கன்னு அர்த்தம். தமிழ் பைபிள்ல எனக்குப் பிடிச்ச வசனம் இப்ப அது ஒண்ணுதான்.

---

பழைய_சிஸ்டர் | புதன், மதியம் 1.15

குடியாத்தம் தம்பி, உங்க அப்பாவுக்கு நடந்தது அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். தினமும் நிறைய குடிக்கிறவரை உபவாசத்துல உட்கார வெச்சு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அதைப் பிசாசுன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் சத்தமா ஜெபம் பண்ணுவாங்க. அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்வையில நிறுத்தணும். அதுக்கப்புறம் ஆறு மணி டீ உங்க சபையோடது, அதை எங்களால செய்ய முடியாது.

கஸ்பா மகளுக்கு: பாகாயம்னா கம்பி போட்ட ரூம்னு அம்மா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அங்க ஒருத்தரைச் சேர்க்கணும்னா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும். 1950களில் இருந்தே சிஎம்சி மனநல மையத்துல அதான் முறை. கொண்டு போய் விட்டுட்டு வர்ற இடம் இல்ல அது. உன் தம்பிக்கு அநேகமா சேர்க்கவே வேண்டி இருக்காது, ஓபி போதும். செலவு கட்டாதுன்னா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கயும் மனநலப் பிரிவு இருக்கு.

மாத்திரை கொடுத்தாங்கன்னா ரெண்டு வாரத்துல தூக்கமும் பசியும் கொஞ்சம் திரும்பும். மனசு தெளிய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுக்குள்ள "வேலை செய்யல"ன்னு நிறுத்திடுவாங்க, இல்லன்னா நல்லாயிட்டதும் நிறுத்திடுவாங்க, ரெண்டும் தப்பு. குணமானப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் டாக்டர் சொல்றபடி சாப்பிடணும். இந்த மாத்திரைக்குப் போதைப் பழக்கம் கிடையாது. சின்ன வயசுக்காரங்களை ஆரம்ப வாரங்கள்ல மட்டும் கூடுதலா கவனிக்கணும்.

---

குடியாத்தம்_தறி | புதன், மதியம் 2.40

அம்மா சொல்றதை ஏத்துக்கறேன். ஆனா எல்லாத்தையும் வியாதின்னு சொல்லிட்டா, வேதத்துல இருக்கற, பிசாசு பிடிச்சவனோட லேகியோன் கதையை என்ன பண்றது?

---

கிராமத்து_ஆயர் | புதன், இரவு 9.50

ஸ்தோத்திரம். ஆற்காடு தாலுகாப் பக்கம் ஊழியம் செய்கிறேன். என் பொறுப்பில் ஏழு கிராமம், ஒரு பழைய பைக்.

குடியாத்தம் சகோதரருக்கு முதலில். மாற்கு 5ஐ இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். அந்த மனுஷனை விலங்காலும் சங்கிலியாலும் கட்டினது யார்? ஊர்க்காரர்கள். இயேசு கட்டச் சொல்லவில்லை, கட்டு இல்லாமலே அவனோடு பேசினார், பேர் என்ன என்று கேட்டார். குணமானவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சினபோது, "உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ" என்று அனுப்பிவிட்டார். அது பிசாசா வியாதியா என்று நாம் இரவு முழுக்கச் சண்டை போடலாம். சங்கிலி யார் கையில் இருந்தது என்பதில் சண்டைக்கு இடமே இல்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. இன்று மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த விதத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. ஏர்வாடிதானே, அது தர்கா பக்கம் என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சில ஜெப வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன், கயிறு.

இப்போது என் சொந்தக் கணக்கு. இறையியல் கல்லூரியில் கவுன்சிலிங் எங்களுக்கு ஒரு பாடம், தேர்வு எழுதினோம், மறந்தோம். ஊழியத்துக்கு வந்த மூன்றாம் வருஷம், ஒரு அம்மா புருஷன் அடிக்கிறான் என்று வந்தார். நான் இரண்டு பேரையும் உட்கார வைத்து, வசனம் வாசித்து, கைகோக்க வைத்து ஜெபித்து அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது தடவையும் அதையே செய்தேன். மூன்றாவது தடவை அந்த அம்மா கையில் மாவுக்கட்டோடு வந்தார். "ஐயா, நீங்க சொன்னதாலதான் திரும்பிப் போனேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னார். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இலேயே வந்தது, 181 என்று ஒரு எண் இருக்கிறது, இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. வசனம் தெரிந்திருந்தது.

ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அந்த ஆட்களிடம் குறைகள் நிறைய, ஆனால் ஊரோடு தங்கிப் போதிக்கிற உபதேசியார் ஊருக்கு ஒருவர் இருந்தார். சம்பளம் சொற்பம், வீடு ஓலை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை ஆனோம், 1976இல் வேலூர்ப் பேராயம் ஆனோம், மண்டபம் கட்டினோம், வணிக வளாகம் கட்டினோம். உபதேசியார்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது நான் ஒரு வீட்டுக்குப் போனால் பைக்கை ஆஃப் செய்யாமலே ஜெபிக்கிற நிலைமை.

மகளே, உங்கள் சபையிலும் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு கிழவர் இருப்பார். பெரும்பாலும் கமிட்டியில் இருக்க மாட்டார். அவரைத் தேடுங்கள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற அன்று கூட வரச் சொல்லுங்கள். ஜெபிக்கிறேன் என்று சொல்கிறவரிடம் "சரி ஐயா, செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு வர்றீங்களா?" என்று கேளுங்கள். பாதி பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

---

பாலாறு_மணல் | புதன், இரவு 10.30

ஐயா, இப்படி எழுதற ஆயர் ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சிருந்தா அப்பாவை உங்க ஊர்லயே அடக்கம் பண்ணி இருப்பேன். சந்தா எவ்வளவு?

---

கிராமத்து_ஆயர் | புதன், இரவு 10.41

எங்கள் கமிட்டியிலும் அதே நோட்டுதான் தம்பி.

---

காட்பாடி_தமிழம்மா | வியாழன், காலை 6.15

நான் கத்தோலிக்கப் பெண், ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை. எங்கள் பக்கம் கவுன்சிலிங்கை ஆற்றுப்படுத்துதல் என்று சொல்வோம். (ஒருமுறை பங்கு அறிவிப்புப் பலகையில் "கவுன்சிலிங், சனிக்கிழமை" என்று மட்டும் எழுதிப் போட்டதும், பிளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸோடு நாலு பிள்ளைகள் வந்து நின்றார்கள்.)

அந்தச் சொல்லைப் பாருங்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனைப் பார்த்து, இந்த வழியாகப் போ, இந்த இடத்தில் இன்னது கிடைக்கும், இங்கே வழுக்கும், பார்த்துப் போ என்று சொல்வது. சொல்கிறவன் புலவர் கூட்டத்துத் தலைவன் இல்லை, நேற்றுவரை அதே பசியில் இருந்தவன். ஆலோசனை என்கிற சொல்லில் ஒருவர் மேலே உட்கார்ந்துவிடுகிறார். ஆற்றுப்படுத்துகிறவர் தெருவில் நிற்கிறார். உங்கள் தம்பிக்கு வந்த மூன்று பேரும் ஆலோசனைக்காரர்கள்.

ரகசியம் பற்றி. எங்கள் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை வெளியே சொன்னால் அவருக்கே திருச்சபை விலக்கம், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆனால் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்குழு) சொன்னது அடுத்த தெருவுக்குப் போக ஒரு மணி நேரம் போதும், அதனால் எங்களுக்கும் பெருமை வேண்டாம். ஜெபக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள். "ஒரு குடும்பத்துக்காக" என்று சொன்னால் கடவுளுக்கு முகவரி தெரியாமல் போய்விடுமா?

ஒரே ஒரு இடத்தில் ரகசியம் செல்லாது. குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "சபை மானம் போகும்" என்று மூடினால் மூடினவர் மேலும் வழக்கு. 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. என் சிறுவயதில் எங்கள் ஊரில் ஒரு அண்ணன் தன்னை மாய்த்துக்கொண்டார். மணி அடிக்கவில்லை. வேலிக்கு வெளியே புதைத்தார்கள். 1917 சட்டத்தொகுப்பில் அப்படித்தான் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அந்த அண்ணனின் அம்மா அதுவரை உயிரோடு இல்லை.

---

தோட்டப்பாளையம்_லாட்ஜ் | வியாழன், மாலை 4.22

நான் கிறிஸ்டியன் கிடையாது, சிஎம்சி எதிர்ல லாட்ஜ் பார்த்துக்கறேன். தலைப்பு பார்த்து உள்ள வந்தேன்.

எங்க லாட்ஜ்ல முக்கால்வாசி பெங்கால், ஜார்க்கண்ட் ஆளுங்க. காட்பாடியில ட்ரெயின் இறங்கி, ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு ஃபைலோட வருவாங்க. ஒரு வாரம்னு வந்து மூணு மாசம் தங்குவாங்க. பாஷை தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ரிசப்ஷன்ல வந்து நிப்பாங்க, ஒண்ணும் கேட்க மாட்டாங்க, சும்மா நிப்பாங்க. நானும் ஒண்ணும் கேட்க மாட்டேன், ஒரு சேர் போட்டு உட்கார வெப்பேன். எனக்கு வங்காளம் தெரியாது, அவங்களுக்கு வேலூர் தமிழ் புரியாது.

ஒரு தடவை ஒரு பெரியவர், சம்சாரத்துக்குக் கேன்சர், இனி வைத்தியம் இல்லன்னுட்டாங்க. வார்டுக்கு ஒரு சேப்ளின், ஆஸ்பத்திரி பாஸ்டர் மாதிரி, வந்தாராம். இந்தி பேசினாராம். "நான் இந்து"ன்னு இவர் சொல்லி இருக்கார். "சரி, உங்க வீட்டம்மா எந்த ஊர் சமையல் நல்லா செய்வாங்க?"ன்னு அவர் கேட்டாராம். ஒரு மணி நேரம் மீன் குழம்பு பத்திப் பேசிட்டுப் போயிட்டாராம். என்கிட்ட வந்து இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். சம்சாரம் இன்னும் உயிரோடதான் இருந்துச்சு அப்போ, ஆனா இவர் "செய்வா, செய்வா"ன்னு சொன்னாரே தவிர "செஞ்சா"ன்னு ஒரு தடவைகூடச் சொல்லல, அதை நான் கவனிச்சேன்.

சேப்ளின்னா என்ன படிப்புங்க அது?

---

வார்டு_நோட்டு | வியாழன், இரவு 8.05

> சேப்ளின்னா என்ன படிப்புங்க அது?

அண்ணா, அந்தப் பயிற்சியில கொஞ்ச நாள் இருந்தவன் நான். கிளினிக்கல் பாஸ்டோரல் எஜுகேஷன்னு பேரு, சுருக்கமா சிபிஇ. பாஸ்டர் ஆகப் போறவங்களை வார்டுல விட்டுப் பழக்கறது.

இதுல கொடுமையான விஷயம் வெர்பாட்டிம். நோயாளியோட பேசிட்டு வந்து, அவர் சொன்னது, நாம சொன்னது, நடுவுல எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம், எல்லாத்தையும் பேர் மாத்தி வார்த்தைக்கு வார்த்தை எழுதணும். குழுவுல உட்கார்ந்து படிக்கணும். என் முதல் நோட்டுல ஒரு தாத்தா "பயமா இருக்கு தம்பி"ன்னு சொல்லி இருக்கார். அடுத்த வரி நான்: "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன் என்று கர்த்தர் சொல்கிறார், ஜெபிக்கலாமா?" சூப்பர்வைசர் கேட்டார்: "பயம் யாருக்குத் தம்பி? அவருக்கா, உனக்கா?" அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. எதுக்குப் பயம்னு நான் தாத்தாகிட்ட கேட்கவே இல்ல. அடுத்த நாள் போனேன். கட்டில்ல வேற ஆள்.

இந்த முறையை 1925ல அமெரிக்காவுல வூஸ்டர் மனநல மருத்துவமனையில தொடங்கினவர் ஆன்டன் பாய்சன்னு ஒரு போதகர். அவரே மனநோயால ஆஸ்பத்திரியில இருந்து வந்தவர். தமிழம்மா சொன்ன பாணன் கதைதான்.

கஸ்பா அக்காவுக்கு: "சபையில கவுன்சிலிங் இருக்கு"ன்னா, போறதுக்கு முன்னாடி விசாரிங்க. கவுன்சிலர் எங்க படிச்சார், அவருக்கு மேல யார் பார்க்கறாங்க, பேசினது எங்க போகும், எந்தக் கட்டத்துல டாக்டர்கிட்ட அனுப்புவார்? இதுக்கு முகம் சுளிச்சார்னா வெளிய வந்துடுங்க. வேலூர்லயே சாயிநாதபுரத்துல கிறிஸ்தவ ஆலோசனை மையம் பல வருஷமா பயிற்சி கொடுக்குது, படிச்சவங்க இல்லாம இல்ல. ஆனா தம்பி சொன்ன அந்த வரிக்கு முதல்ல டாக்டர். கவுன்சிலிங் கூடவே நடக்கட்டும்.

---

குடியாத்தம்_தறி | வியாழன், இரவு 9.18

ராஜாக்கள் புஸ்தகத்துல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ உட்கார்ந்து "போதும் கர்த்தாவே"ன்னு சொன்னதை நேத்து ராத்திரி திரும்பப் படிச்சேன். அவரும் சாகணும்னுதான் கேட்டார். தூதன் வந்து மறைவான பாவம் என்னன்னு கேட்கல. தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் வெச்சான். தூங்க விட்டான். திரும்ப எழுப்பி இன்னொரு தடவை சாப்பிட வெச்சான். பேச்செல்லாம் அப்புறம்தான். இத்தனை வருஷம் இதை வேற மாதிரி பிரசங்கம் பண்ணி இருக்கேன்.

லேகியோன் விஷயத்துல மட்டும் ஆயர் ஐயாவோட முழுசா ஒத்துப்போக முடியல. அதை வேற இழையில பேசுவோம்.

---

பாலாறு_மணல் | வியாழன், இரவு 9.25

இந்தத் தளத்துல ஒரு குடியாத்தத்துக்காரர் மனசு மாத்திக்கிட்டதை நான் முதல் தடவையா பார்க்கறேன். முக்கால்வாசிதான், ஆனாலும்.

---

கஸ்பா_பொண்ணு | 17 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.40

எல்லாருக்கும் ஒண்ணா பதில் போடறேன், மன்னிச்சுக்கோங்க.

பாகாயம் போயிட்டு வந்தோம். ஆயர் ஐயா சொன்ன மாதிரி ஒரு ஆளைத் தேடினேன். எங்க சபையில மணி அடிக்கிற தாத்தா ஒருத்தர் இருக்கார், முன்னாடி உபதேசியாரா இருந்தவர், கூட்டத்துல பேசவே மாட்டார். "செவ்வாய் காலையில ஏழு மணிக்கு வர்றீங்களா தாத்தா?"ன்னேன். ஆறரைக்கே வந்து வாசல்ல நிக்கறார், துவைச்ச வேட்டி, கையில மஞ்சப்பை. பஸ்ல தம்பி பக்கத்துல உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் பெஞ்சுல. சத்தமா ஒரு ஜெபம் பண்ணல, வசனம் சொல்லல. பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். தம்பி பாதி பன்னு சாப்பிட்டான், மீதியைத் தாத்தா சாப்பிட்டார். உள்ள கூப்பிட்டப்ப அம்மா எழுந்திருக்கவே முடியாம உட்கார்ந்துட்டாங்க. தாத்தா "நான் இங்க இருக்கேன், நீ போம்மா"ன்னார், அவ்வளவுதான்.

மாத்திரை கொடுத்திருக்காங்க. சேர்க்கத் தேவையில்லன்னுட்டாங்க. இன்னும் பெரிசா ஒண்ணும் மாறல. தூக்கம் மட்டும் நாலு மணி வரைக்கும் வருது.

ஆயரம்மா வீட்டுக்கு வந்தாங்க. மன்னிப்பு கேட்டாங்க, இனிமே கேட்காம குறிப்பு எழுத மாட்டோம்னாங்க. மன்னிச்சுட்டேன் ஆன்ட்டின்னு சொன்னேன். இன்னும் வரல. சொல்லிட்டேன், ஆனா வரல. தம்பி ஞாயிறு ஆராதனைக்கு வர மாட்டேன்னுட்டான், நானும் கட்டாயப்படுத்தல. தாத்தா மட்டும் புதன்கிழமை புதன்கிழமை வந்து மாடிப்படியில அவனோட உட்கார்ந்துட்டுப் போறார். என்ன பேசறீங்கன்னு கேட்டேன். "காத்து வருதும்மா"ங்கறார் அவரும்.

சிஸ்டர் அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அடுத்த தேதி வர்ற செவ்வாய். நான் கம்பெனியில லீவு கேட்கணும். எங்க சூப்பர்வைசர் என்ன ஏதுன்னு குடைவார். பாகாயம்னு எப்படிச் சொல்றது? பொய் சொல்லவும் பிடிக்கல.

---

பழைய_சிஸ்டர் | ஞாயிறு, மாலை 6.02

"தம்பிக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லு. அதுல பொய் ஒண்ணும் இல்ல. மேல குடைஞ்சார்னா, சிஸ்டர் சொல்லக்கூடாதுன்னு சொல்லி இருக்காங்கன்னு என் பேர்ல போடு. போகும்போது மாத்திரை அட்டையை மறக்காம எடுத்துட்டுப் போ, எத்தனை மீதி இருக்குன்னு பார்ப்பாங்க.

---

தோட்டப்பாளையம்_லாட்ஜ் | ஞாயிறு, மாலை 6.30

செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது நம்ம லாட்ஜ் பக்கம் இறங்குங்கம்மா. பக்கத்துக் கடையில பன்னு பாகாயத்தைவிட நல்லா இருக்கும். தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க.